காத்திருக்கும் நேரம் யாருடையது?
ஐரோப்பிய நெடுந்தூர லொறிச் சாரதிகளின் வேலைநேரம் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

ஞாயிற்றுக்கிழமைகளில் கலியாண வீட்டுக்கோ, இலக்கியச் சந்திப்புக்கோ, பிள்ளைகளின் தமிழ்ப் பரீட்சைக்கோ ஜேர்மனியின் நெடுஞ்சாலைகளில் போய்வரும் எம்மவர் எல்லோரும் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். 7.5 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகள் ஞாயிறு இரவு பத்து மணிவரை ஓட முடியாது. தரிப்பிடங்கள் நிரம்பி, நெடுஞ்சாலைக்குள் நுழையும் வழிகளிலும் லொறிகள் வரிசையாய் நிற்கும். கபினின் கண்ணாடிக்குக் குறுக்கே திரைச்சீலை. படியில் ஒரு சோடிச் செருப்பு. இரண்டு லொறிகளுக்கிடையே காற்றுப்படாத மூலையில் சிறு காஸ் அடுப்பில் கொதிக்கும் பானை. இலக்கத்தகடு போலந்தினுடையதாகவோ, லித்துவேனியாவினுடையதாகவோ, ருமேனியாவினுடையதாகவோ இருக்கும். ஆனால் தகட்டை வைத்து ஆளைச் சொல்ல முடியாது. உள்ளே இருப்பவர் உஸ்பெக்கிஸ்தானிலிருந்தோ, ஜோர்ஜியாவிலிருந்தோ, பிலிப்பைன்ஸிலிருந்தோ வந்தவராயிருக்கலாம்.

எமது புகலிட எழுத்துக்களில் லொறிச் சாரதி இரண்டு வேடங்களில் மட்டுமே தோன்றுகிறார். ஒன்று, ஏஜென்சிக்காரனிடம் காசு வாங்கிக்கொண்டு எம்மைப் பெட்டிக்குள் பூட்டிக் கொண்டுவந்தவர். மற்றது, உலகமயமாதல் பற்றிய கட்டுரைகளில் வரும் 'எல்லை கடந்த தொழிலாளி' என்ற பொது உருவம். முதலாவதில் அவருக்கு முகமில்லை, இரண்டாவதில் அவருக்கு வேலையே இல்லை. அவர் எத்தனை மணிக்கு எழும்புகிறார், எந்த மணித்தியாலத்துக்கு அவருக்குச் சம்பளம் உண்டு, எதற்கு இல்லை என்ற சாதாரணக் கேள்விகளை நாம் கேட்டதில்லை. இந்தக் கேள்விகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் ஒரு கோட்டை மட்டும் தொடர முனைகிறேன். ஓடும் நேரத்தை அளக்கச் சட்டம் மிக நுட்பமாகக் கற்றுக்கொண்டது. காத்திருக்கும் நேரத்தையோ படிப்படியாகக் கணக்கிலிருந்து நழுவவிட்டது. இதுவே அந்தக் கோடு.

'மூலதனம்' முதலாம் பாகத்தில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தைப் படித்தவர்களுக்கு, தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கைகள் அங்கு எவ்வளவு இடம்பிடிக்கின்றன என்பது நினைவிருக்கும். ஆலைக்குச் சுவர் உண்டு, வாசல் உண்டு, மணி உண்டு. பரிசோதகர் வாசலில் நின்றால் யார் எப்போது உள்ளே போனார், எப்போது வெளியே வந்தார் என்று எழுதிவிடலாம். லொறிக்கு வாசல் எது? அதில் ஏறிய சாரதி மூன்று கிழமைகளுக்கு இறங்குவதேயில்லை. உறங்குவதும் உழைப்பதும் ஒரே இரண்டு சதுர மீற்றரில். இந்த வேலையின் நாள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் தீர்மானிப்பது வெறும் அளவையியல் பிரச்சினையன்று.

1939 ஜூனில் ஜெனீவாவில் கூடிய சர்வதேச தொழிலாளர் மாநாடு இதற்கு ஒரு பதில் சொல்லியிருந்தது. வீதிப் போக்குவரத்தில் வேலைநேரமும் ஓய்வும் பற்றிய 67ஆம் இலக்கச் சமவாயம் அது. வாரத்துக்கு 48 மணித்தியாலம் என்பது அதன் அளவு. அளவை விட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் வரைவிலக்கணம். தொழிலாளி முதலாளியின் பணிப்புக்கு உட்பட்டிருக்கும் நேரம் முழுவதும் வேலைநேரம். வண்டி ஓடும் நேரம் மட்டுமன்றி, துணை வேலைகளும், 'வெறுமனே சமுகமளித்திருக்கும்' நேரமும் அதற்குள் அடக்கம். அதாவது, சரக்கு வரும்வரை லொறிக்கருகில் நிற்பவன் வேலை செய்கிறான். இரண்டு மாதங்கள் கழித்து யுத்தம் தொடங்கியது. சமவாயம் 1955இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதையும் விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளே ஏற்றுக்கொண்டன.

யுத்தத்துக்குப் பின் ஐரோப்பாவில் சரக்கு ரயிலிலிருந்து றோட்டுக்கு இறங்கியது. 1969இல் ஐரோப்பிய பொருளாதார சமூகம் தனது முதலாவது சாரதி நேர ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தது (543/69). நாளொன்றுக்கு எட்டு மணித்தியால ஓட்டம், கிழமைக்கு 48. அதன் நோக்கங்களாக வீதிப் பாதுகாப்பும் சமூக முன்னேற்றமும் கூறப்பட்டன. கூடவே நாடுகளுக்கிடையிலும் ரயிலுக்கும் றோட்டுக்கும் இடையிலுமான போட்டியைச் சமப்படுத்துவது என்ற நோக்கமும் இருந்தது. இந்த இரட்டைப் பிறப்பை மறக்கக்கூடாது. பாதுகாப்பு என்ற கோணத்திலிருந்து பார்த்தால் ஆபத்தானது ஓடும் வண்டிதான். நிற்கும் வண்டி யாரையும் கொல்வதில்லை. ஆகவே அளக்கப்பட வேண்டியது சக்கரம். 1985இல் வந்த புதிய ஒழுங்குவிதியும் (3820/85), 2007 ஏப்ரலிலிருந்து நடைமுறையிலுள்ள 561/2006உம் இதே திசையில் சென்றவை. நாலரை மணித்தியாலம் ஓடினால் 45 நிமிடம் இடைவேளை. நாளுக்கு 9 மணித்தியாலம், கிழமையில் இரண்டு நாள் 10. இரண்டு கிழமைக்கு 90. எந்தச் சாரதியை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்புவிப்பார்.

சக்கரத்தை அளக்கும் கருவி ரக்கோகிராப். மெழுகுப்பூச்சுள்ள வட்டக் கடதாசி ஒன்று 24 மணித்தியாலத்தில் ஒருமுறை சுற்றும். மூன்று ஊசிகள் அதில் கீறும். ஒன்று வேகம், ஒன்று தூரம், மற்றொன்று சாரதி அந்நேரம் என்ன செய்கிறார் என்பது. நடுவில் தன் பெயரையும் புறப்பட்ட இடத்தையும் அவரே கையால் எழுத வேண்டும். ஜேர்மனியர்களுக்கு இது ஏற்கெனவே பழக்கம். பிரித்தானியாவிலோ பெரும் எதிர்ப்பு. போக்குவரத்துத் தொழிற்சங்கத்தினர் அதை 'கபினுக்குள் இருக்கும் ஒற்றன்' என்றனர். 1970இன் ஒழுங்குவிதியை பிரித்தானிய அரசு குறித்த காலத்தில் நிறைவேற்றவில்லை. 1979 பெப்ரவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் அதற்கெதிராகத் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டின் ஜனவரியில்தான் லொறிச் சாரதிகளின் வேலைநிறுத்தம் அந்நாட்டை உலுக்கியிருந்தது. 1981இன் கடைசி நாளிலிருந்து கருவி அங்கும் கட்டாயமானது.

இந்த எதிர்ப்பை 'பிற்போக்கு' என்று ஒதுக்குவோர் உண்டு. கண்காணிப்பு எல்லாமே அதிகாரம் என்று சொல்லி அதைக் கொண்டாடுவோரும் எம்மிடையே உண்டு. இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. முதலாளிக்குச் சாரதியைக் கண்காணிக்க உதவிய அதே வட்டக் கடதாசி, 'நீ என்னை 14 மணித்தியாலம் ஓட வைத்தாய்' என்று சாரதி நீதிமன்றத்தில் நீட்டக்கூடிய சான்றாகவும் இருந்தது. ஒழுங்குவிதிகள் தூரத்துக்கேற்ற கூலியையும், வீதிப் பாதுகாப்பைக் குலைக்குமிடத்து, தடை செய்தன. ஒற்றன் யாருக்கு வேலை செய்கிறான் என்பது அவனிடம் என்ன கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. பிரச்சினை, அவனிடம் கேட்கப்படாத கேள்வியில் இருந்தது.

1979இல் ஜெனீவா மாநாடு பழைய சமவாயத்துக்குப் பதிலாக 153ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. அதன் வரைவிலக்கணத்தில் ஒரு வினைச்சொல் மாறியிருக்கிறது. தன் நேரத்தைத் தன் விருப்பப்படி பயன்படுத்த முடியாமல் சாரதி காத்திருக்கும் நேரம், அதிகாரிகளோ கூட்டு ஒப்பந்தமோ தீர்மானிக்கும் அளவுக்கு, வேலைநேரமாகக் 'கருதப்படலாம்'. 1939இல் 'ஆகும்', 1979இல் 'ஆகலாம்'. 2002இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பணிப்புரை (2002/15) அடுத்த அடியை எடுத்து வைத்தது. 'தயார்நிலை நேரம்' என்று ஒரு புதிய வகையை அது உண்டாக்கிற்று. எல்லையில் காத்திருப்பது, படகில் லொறியோடு போவது, ஓட்டத்தடை முடியும்வரை நிற்பது முதலியன, எவ்வளவு நேரமென்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், வேலைநேரமல்ல, ஓய்வுமல்ல. இரண்டுக்கும் நடுவில் ஒரு திரிசங்கு நிலை. ஏற்றி இறக்கக் காத்திருக்கும் நேரம் எவ்வளவென்று தெரியாவிட்டால் அது வேலைநேரந்தான் என்பதையும் அதே பணிப்புரை சொல்கிறது. ஆனால் 'தெரியும், இரண்டு மணித்தியாலம்' என்று வாசலில் ஒருவர் சொல்லிவிட்டால்? சுயதொழில் சாரதிகள் 2009 மார்ச் வரை இந்தப் பணிப்புரைக்கு வெளியிலேயே விடப்பட்டனர். 1939இன் சமவாயத்துக்கு நேர்ந்ததையும் சொல்லிவிட வேண்டும். 2017 ஜூனில் ஜெனீவா மாநாடு, காலாவதியான வேறு ஐந்து சமவாயங்களோடு சேர்த்து அதையும் நீக்கிவிட்டது.

கருவியில் நான்கு குறிகள் உண்டு. ஸ்ரியரிங் வளையம் ஓட்டத்துக்கு, குறுக்காக வைத்த இரு சுத்தியல்கள் மற்ற வேலைக்கு, குறுக்குக்கோடிட்ட சதுரம் தயார்நிலைக்கு, கட்டில் ஓய்வுக்கு. வண்டி உருண்டால் வளையம் தானாக விழும். மற்ற மூன்றும் சாரதியின் விரலில். ஓர் உதாரணம் சொல்கிறேன். காலை ஐந்து மணிக்குப் புறப்பட்ட சாரதி எட்டு மணிக்கு ஒரு தொழிற்சாலை வாசலுக்கு வருகிறார். அவருக்குக் கொடுத்த நேரம் பத்து மணி. சரக்கு இறங்கி முடியும்போது பிற்பகல் இரண்டு. 24 மணித்தியாலத்துக்குள் அவர் 11 மணித்தியாலம் ஓய்வெடுத்தாக வேண்டும். குறைத்தால் 9, அதுவும் கிழமைக்கு மிஞ்சினால் மூன்று தடவை. அதனால் மாலை ஆறு மணிக்கு, மிஞ்சினால் எட்டு மணிக்கு, அவர் நாள் முடிந்தாக வேண்டும். வாசலில் போன ஆறு மணித்தியாலத்தை அவர் சுத்தியலில் போட்டால் கிழமைக் கணக்கு ஏறும், கந்தோரிலிருந்து தொலைபேசி வரும். கட்டிலில் போட்டால் எல்லோருக்கும் நிம்மதி. பதிவேட்டில் அவர் படுத்திருக்கிறார். உண்மையில் அவர் வரிசையில் முன்னால் நிற்கும் லொறி அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

2023 ஓகஸ்டிலிருந்து புதிய லொறிகளில் பூட்டப்படும் கருவி, எல்லையைக் கடந்த கணத்தைத் தானாகவே பதிகிறது. சரக்கு ஏற்றி இறக்கிய இடத்தையும் பதிந்துகொள்ள முடியும். வாசலில் நின்ற நேரத்தின் பெயரை மட்டும் இன்னமும் விரல்தான் தெரிவு செய்கிறது.

அமெரிக்காவில் இந்தக் கதை இன்னும் பச்சையாக நடந்தது. 1938இன் நியாய வேலைத்தர சட்டம் மேலதிக நேரக் கூலியைக் கொண்டுவந்தபோது மாநிலங்களுக்கிடையே ஓடும் சாரதிகளுக்கு விலக்களித்தது. அந்த ஓட்டையைச் சட்டம் அடைக்கவில்லை, சங்கம் அடைத்தது. 1934இன் மினியாபொலிஸ் வேலைநிறுத்தத்தில் முன்னின்ற இடதுசாரிகள் (அவர்கள் ட்ரொட்ஸ்கியவாதிகள் என்பது எமது நண்பர்கள் சிலருக்கு மகிழ்ச்சியளிக்கும்) பிற்பாடு நெடுந்தூரச் சாரதிகளைப் பல மாநிலங்களில் ஒருங்கிணைத்தனர். அந்த அடித்தளத்தின்மீதே 1964இன் நாடளாவிய ஒப்பந்தம் எழுந்தது. 1980இல் போக்குவரத்துத் துறையின் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டதும் சங்கமில்லாத நிறுவனங்கள் பெருகின. மைல் கணக்குக் கூலி ஓங்கியது. மைல் கணக்கில் காத்திருப்பு என்பது பூச்சியம். அந்தத் தொழிலை ஆராய்ந்த மைக்கல் பெல்சர் 2000இல் வெளியிட்ட தன் நூலுக்கு, சக்கரத்தின் மேலுள்ள வியர்வைக்கடைகள் என்ற பொருளில் தலைப்பிட்டார்.

பிரான்சில் 1996 நவம்பரில் சாரதிகள் 12 நாட்கள் பாதைகளை மறித்தபோது, எம்மவர் பலர் பாரிஸில் பெற்றோலுக்கு வரிசையில் நின்றதை நினைவு கூரலாம். பத்திரிகைகள் 55 வயதில் ஓய்வூதியம் என்ற கோரிக்கையைத்தான் பெரிதாக எழுதின. அதை அவர்கள் வென்றார்கள், 25 ஆண்டுகள் ஓடியவர்களுக்கு. ஆனால் அதனருகில் இன்னொரு கோரிக்கையும் இருந்தது. காத்திருப்பு உட்பட எல்லா மணித்தியாலங்களும் எண்ணப்பட வேண்டும், எண்ணியதற்குக் கூலி தரப்பட வேண்டும் என்பது. 1994இல் கைச்சாத்தான ஓர் ஒப்பந்தம் இதை ஏற்கெனவே வாக்களித்திருந்தது. பல நிறுவனங்கள் அதைக் கடதாசியிலேயே வைத்திருந்தன.

2004க்குப் பிறகு களம் கிழக்கே விரிந்தது. அந்தந்த நாட்டுச் சட்டப்படி சிறிய அடிப்படைச் சம்பளம், மிகுதி நாட்படியாக. நோய்வாய்ப்பட்டால், ஓய்வூதியம் பெறப்போனால், அந்தச் சிறிய அடிப்படைதான் கணக்கு. 2015 ஜனவரியில் ஜேர்மனி குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியபோது, தன் நாட்டைக் கடந்து செல்லும் வெளிநாட்டுச் சாரதிக்கும் அது பொருந்தும் என்றது. அயல்நாடுகள் எதிர்த்தன. ஒரே மாதத்துக்குள், வெறுமனே கடந்து செல்வோர் விடயத்தில் அது இடைநிறுத்தப்பட்டது. 2017 டிசெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், 45 மணித்தியால வாராந்த ஓய்வைக் கபினுக்குள் கழிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2020இன் சீர்திருத்தம் அதையே சட்டமாக்கி, சாரதி சில கிழமைகளுக்கொருமுறை வீடு திரும்ப வழிசெய்ய வேண்டும் என்றது. லொறியும் எட்டுக் கிழமைக்கொருமுறை தன் நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற விதியை 2024 ஒக்டோபரில் நீதிமன்றம் நீக்கிவிட்டது. சாரதி திரும்ப வேண்டும் என்பது மட்டும் நிலைத்தது. திரும்ப வேண்டிய வீடு தாஷ்கண்டில் இருந்தால் அந்த விதி எப்படி நடைமுறையாகும் என்பதைச் சட்டப்புத்தகத்தில் தேடிப் பயனில்லை.

இந்த நேரம் எங்கே போய்ச் சேருகிறது என்பதை நான் தினமும் பார்க்கிறேன். ஒரு காலத்தில் பொருளாதார வரலாறு கற்பித்த நான், இப்போது ஒரு தொழிற்சாலையின் சரக்கு வாசலில் ஸ்ராப்ளர் ஓட்டுகிறேன். நான் வந்த புதிதில் அங்கு பெரிய களஞ்சியம் ஒன்று இருந்தது, அதில் பதினொரு பேர் வேலை செய்தனர். பின்னர் 'தேவையான நேரத்தில் தேவையான அளவு' என்ற முறை வந்தது. களஞ்சியம் மூடப்பட்டது. சரக்கு இல்லாமல் போகவில்லை, அது வாசலுக்கு வெளியே சக்கரத்தின்மேல் நிற்கிறது. களஞ்சியத்துக்கு வாடகை இல்லை, காவலாளிக்குச் சம்பளம் இல்லை. இரவு முழுக்கச் சரக்கோடு படுத்திருப்பவர் இன்னொரு நாட்டு நிறுவனத்தின் ஆள். வாசலில் ஐந்து மொழிகளில் ஒரு பலகை: கழிப்பறை ஊழியர்களுக்கு மட்டும். எமது தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் இதுபற்றிக் கேட்டேன். 'அவர்கள் எமது ஆட்கள் அல்லவே' என்றார். எங்கள் மூன்று நேர வேலைமுறையின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்குண்டு. அந்தக் கணக்கு அவ்வளவு சுத்தமாயிருப்பதற்கு ஒரு காரணம், கலங்கல் முழுவதும் வாசலுக்கு வெளியே ஊற்றப்பட்டிருப்பதுதான்.

சாரதியின் தலையில் இன்னொரு கூலியில்லா வேலையும் ஏற்றப்பட்டது. அது எம்மை நேரடியாகத் தொடுவது. 1995 ஜூலையில் ஹங்கேரியின் ஜ்யோர் நகருக்கருகே ஒரு லொறிப் பெட்டிக்குள் 18 ஈழத்தமிழர் மூச்சுத்திணறி இறந்தனர். அந்தப் பாதையால் வந்து சேர்ந்த பலர் இந்த இதழின் வாசகர்கள். அத்தகைய மரணங்களுக்குப் பிறகும் அரசுகள் பாதைகளைத் திறக்கவில்லை, பொறுப்பைக் கபினுக்கு மாற்றின. பிரித்தானியாவின் 1999ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், லொறியில் மறைந்துவரும் ஒவ்வொருவருக்கும் 2,000 பவுண் தண்டத்தை நிறுவனத்துக்கும் சாரதிக்கும் விதித்தது. அது நடைமுறைக்கு வந்த சில மாதங்களிலேயே, 2000 ஜூனில், டோவரில் தக்காளி லொறியொன்றினுள் 58 சீனர்களின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. தண்டம் அவர்களைத் தடுக்கவில்லை. 2023 பெப்ரவரியில் அதன் உச்சம் 10,000 பவுணாக உயர்ந்தது. கலேக்கு வரும் சாரதி இன்று முத்திரையைப் பார்த்து, கூரைச் சீலையைப் பார்த்து, அச்சுக்கு அடியில் குனிந்து பார்த்து, படிவத்தில் ஒவ்வொரு தடவையும் கையொப்பமிட வேண்டும். குடிவரவு அதிகாரியின் வேலை அது. அதற்கும் சுத்தியலா கட்டிலா என்பது அவர் விரலுக்கு விடப்பட்டிருக்கிறது. அவரும் பெட்டிக்குள் இருப்பவரும் ஒருவருக்கொருவர் எதிரியாக்கப்பட்டது இப்படித்தான்.

2023 மார்ச்சில், டார்ம்ஸ்டாட் அருகே ஏ5 நெடுஞ்சாலையின் கிராஃபென்ஹௌசன் தரிப்பிடத்தில், ஒரு போலந்து நிறுவனத்துக்கு ஓடிய ஜோர்ஜிய, உஸ்பெக் சாரதிகள் லொறிகளை நிறுத்திவிட்டனர். ஒப்பந்தத்தில் அவர்கள் தொழிலாளிகள் அல்லர், சுயதொழில் செய்வோர். அவர்களுக்குச் சங்கம் இல்லை. வேலைநிறுத்தம் என்று சட்டம் எதைச் சொல்கிறதோ அதுவுமல்ல இது. வாரக்கணக்காகக் கிடைக்காத பணத்தைக் கேட்டார்கள், அவ்வளவுதான். ஏப்ரல் 7, பெரிய வெள்ளியன்று, நிறுவனத்தின் உரிமையாளர் தனியார் காவற்படையோடும் ஒரு கவச வாகனத்தோடும் லொறிகளை மீட்க வந்தார். பொலிஸ் தலையிட்டது. சுற்றுவட்டார மக்கள் உணவு கொண்டுவந்தனர், நெதர்லாந்துத் தொழிற்சங்கவாதி ஒருவர் பேச்சுவார்த்தைக்கு முன்னின்றார். ஏப்ரல் இறுதியில் ஏறத்தாழ 3 இலட்சம் யூரோ கொடுபட்டது.

ஜூலையில் அதே இடத்தில் இரண்டாம் தடவை, இம்முறை நூறுக்கு மேற்பட்டோர். நிறுவனம் இதை மிரட்டிப் பணம் பறித்தல் என்று முறைப்பாடு செய்தது. செப்டெம்பரில் சிலர் உண்ணாவிரதம் இருந்தனர். வழங்கல் சங்கிலியில் நடக்கும் உரிமை மீறல்களுக்குப் பெரிய நிறுவனங்களைப் பொறுப்பாக்கும் ஜேர்மன் சட்டம் அந்த ஆண்டு ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. யாருடைய சரக்கு அந்த லொறிகளுக்குள் இருக்கிறது என்று முதற்தடவையாக அதிகாரிகள் தேடத் தொடங்கினர். சரக்குக்கு உரியவர்களின் பெயர்கள் வெளிவரத் தொடங்கியதும் பணம் வந்தது.

தரிப்பிடத்தில் அவர்கள் செய்தது, வேலையின்போது அவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். நின்றார்கள், கபினில் படுத்தார்கள், காஸ் அடுப்பில் சமைத்தார்கள், காத்திருந்தார்கள். வித்தியாசம், இந்தத் தடவை ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் செலவு மறுபக்கத்தில் ஏறியது.